அலமாரிக் கதவும் அதைப் பிறாண்டும் நகமும்: உங்களுக்குத் தெரியுமா?

புது வீட்டில் மரவேலை தொடங்கும்போது ஆசாரியிடம் நாம் முதலில் பேசுவது நிறத்தையும் விலையையும்தான். நாயோ பூனையோ வளரும் வீட்டில் முதலில் பேச வேண்டியது அந்த உயிரைப் பற்றி. அதன் உயரம் என்ன? பல் முளைக்கும் வயதா? எந்த மூலையில் காலைத் தூக்குகிறது? கதவைத் திறக்கக் கற்றுவிட்டதா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பலகை, கீல், கைப்பிடி, பூட்டு நான்கும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

கதவு பல வருடம் உழைத்தால் நம் பணம் மிச்சம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மாத்திரையும் பாச்சை உருண்டையும் ஒரு வாயில்லாத உயிரின் வயிற்றுக்குள் போகாமல் இருந்தால் அதன் உயிர் மிச்சம். இரண்டையும் மனதில் வைத்துத் தொகுத்தவை இந்தத் துணுக்குகள்.

நகம்

● பூனை நகத்தால் கண்ணாடியைக் கீற முடியாது. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மனித விரல் நகம் சுமார் 2.5. கண்ணாடி சுமார் 5.5. நாய், பூனையின் நகமும் நம் நகத்தைப் போலவே கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனதுதான். அப்படியானால் நாய் வளர்க்கும் வீட்டுக் கண்ணாடிக் கதவில் கீறல் எங்கிருந்து வருகிறது? நகத்திலிருந்து அல்ல, பாத மெத்தைகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு வரும் மணலிலிருந்து. மணலில் உள்ள குவார்ட்ஸின் அளவு 7. நடைக்குப் போய்வந்ததும் நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் கண்ணாடி, தரை, மைக்கா மூன்றுக்கும் பாதுகாப்பு.

● மரம் எவ்வளவு கடினம் என்று அளக்க ஓர் இரும்புக் குண்டு போதும். ஆஸ்திரியாவில் பிறந்த கேப்ரியல் ஜாங்கா என்பவர் 1906-இல் வகுத்த சோதனை இது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பலகைக்குள் பாதியளவு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்த விட்டத்துக்குக் காரணம் உண்டு: அப்போது குண்டின் குறுக்குப் பரப்பு சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர். இந்தச் சோதனையில் தேக்கு ஏறத்தாழ 1,000 பவுண்டு விசையைத் தாங்கும். பைன் வகைகள் பலவும் அதில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை. பெரிய நாய் தாவிப் பிறாண்டும் கதவுக்குப் பைன் மரம் கட்டுப்படியாகாது என்பதற்கு இதுவே கணக்கு.

● பூனை கதவைப் பிறாண்டுவது கோபத்தாலோ குறும்பாலோ அல்ல. நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும். முதுகும் தோளும் நீள வேண்டும். பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையால் ‘இது என் இடம்’ என்று எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றும் அதற்கு அன்றாடத் தேவைகள். சொரசொரப்பாக, செங்குத்தாக, ஆடாமல் நிற்கும் பொருள்தான் அதற்குப் பிடிக்கும். ஆகவே வழவழப்பான கதவைப் போடுவது பாதி வேலைதான். தேங்காய்நார்க் கயிறோ சணல் சாக்கோ இறுக்கிச் சுற்றிய மூன்றடிக் கம்பம் ஒன்றை, பூனை இப்போது பிறாண்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவது மீதிப் பாதி. வீட்டின் ஒதுக்குப்புறத்தில் வைத்தால் அது திரும்பியும் பார்க்காது.

● கதவைக் காப்பாற்றப் பூனையின் நகத்தை ‘எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நகம் மட்டும் தனியே வராது. விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் அறுவை அது. இஸ்ரேல் 2011-இலும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-இலும் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தன. ஒரு கதவின் விலை, பத்து விரல் எலும்புகளுக்கு ஈடாகாது.

● பளபளக்கும் அடர்நிறக் கதவில் சின்னக் கீறல்கூட வெளிச்சத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். மேட் பினிஷில் அது மங்கிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு: நாய் மேலிருந்து கீழாகத்தான் பிறாண்டும். மரவரி அச்சிட்ட மைக்காவை வரிகள் செங்குத்தாக வரும்படி ஒட்டச் சொன்னால், கீறல் வரியோடு வரியாகக் கலந்துவிடும். குறுக்காக ஒட்டினால் ஒவ்வொரு கீறலும் தனியே துருத்திக்கொண்டு தெரியும்.

● ‘மைக்கா’ என்று நாம் சொல்வதில் மைக்கா என்னும் கனிமம் துளியும் இல்லை. 1912-13 வாக்கில் அமெரிக்காவில் டேனியல் ஓ’கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள், மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்கா கனிமத்துக்கு மாற்றாக ஒரு தகட்டை உருவாக்கினார்கள். ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருளில் அதற்கு ஃபார்மைக்கா என்று பெயர் வந்தது. நம் ஊரில் சன்மைக்கா என்ற வணிகப் பெயர் நிலைத்து, ஆசாரிகள் வாயில் வெறும் மைக்கா ஆனது. உண்மையில் அது காகிதம்: பிசினில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகளும் மேலே மெலமைன் ஊறிய அச்சுக் காகிதமும், 120 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் ஒன்றாகிப்போனவை.

● ‘மைக்கா ஒட்டின கதவு’, ‘பிரீலேம் கதவு’ இரண்டும் கடையில் ஒன்றுபோலத் தெரியும். முன்னதில் பிளைவுட் மேல் 1 மில்லிமீட்டர் தகடு தனியாக ஒட்டப்பட்டிருக்கும். பின்னதில் தூள்பலகையின் மேல் மெலமைன் ஊறிய ஒற்றைக் காகிதம்தான். நாயின் நகம் முன்னதில் மேல்தோலோடு நின்றுவிடும். பின்னதில் காகிதத்தைத் தாண்டிப் பலகையைத் தொட்டுவிடலாம். தொட்ட இடத்தில் அடுத்து ஈரம் நுழையும். எது என்று தெரிந்துகொள்ள, அறுத்த விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். இயற்கை மர வெனீரும் அரை மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும் மெல்லிய சீவல்தான். அதை நாய்க்கு எட்டாத மேல் அலமாரிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பல்

● நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் இந்த மாற்றம் நடந்து முடிகிறது. ஈறு குறுகுறுக்கும் அந்த மாதங்களில் கதவின் கீழ்முனை, மரக் கைப்பிடி, தோல் பிடி எல்லாமே அதற்கு மருந்து. முடிந்தால் அந்தச் சில மாதங்கள் கழித்துப் புதுக் கதவு மாட்டுங்கள். முடியாதென்றால் கைப்பிடியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள். கதவு மாட்டும் வேலையைத் தள்ளிப்போட்டாலும் மெல்லுவதற்கு ரப்பர் பொம்மை வாங்கித் தருவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

● முயலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். தேய்த்தே ஆக வேண்டும். வைக்கோலும் புல்லும் போதாதபோது பிளைவுட் விளிம்பில் வாய் வைக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே இருப்பது பசை. முயல் உலவும் அறையில் கதவின் அடிவிளிம்புக்கு மெல்லிய அலுமினியச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். பலகையும் பிழைக்கும், முயலின் வயிறும் பிழைக்கும்.

● உலகிலேயே மிகக் கசப்பான பொருள் என்று பெயர் பெற்றது டெனடோனியம் பென்சோயேட். 1958-இல் ஸ்காட்லாந்தில், மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிய ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்தது. பொருட்களைக் கடிக்கும் பழக்கத்தை மறக்கச் செய்யக் கடைகளில் விற்கும் கசப்புத் தெளிப்பான்கள் சிலவற்றில் இதுதான் சரக்கு. எல்லா நாய்களும் கசப்புக்கு அஞ்சுவதில்லை. மறைவான ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

● பழைய வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக உரியும் எனாமல் பெயின்ட் இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் என்று பார்வைக்குத் தெரியாது. அதை மெல்லும் குட்டிக்கும், தரையில் விளையாடும் நம் குழந்தைக்கும் ஈயம் ஒரே நஞ்சுதான். உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்க விடாமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளையும் பிராணிகளையும் வேறிடத்தில் வையுங்கள்.

ஈரம்

● நாய் வளர்க்கும் வீட்டில் கதவு முதலில் சாவது முகத்தில் அல்ல, அடிவிளிம்பில். தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தெறிப்பது, சிறுநீர், மாப் போடும் ஈரம் மூன்றும் கீழிருந்துதான் ஏறும். மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பும் தூள்பலகையும் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. விளிம்பை மூடும் பட்டையான எட்ஜ் பேண்டிங் நான்கு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கதவை மாட்டும் முன்பே புரட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

● பிளைவுட்டில் ‘எம்.ஆர்.’ என்று அச்சிட்டிருந்தால் அது ஈரக் காற்றைத் தாங்கும் என்று பொருள். தண்ணீரைத் தாங்கும் என்று பொருளல்ல. தரைக்கு ஒட்டிய கதவுகளுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். வீடு முழுக்க அதையே போட வேண்டியதில்லை. தரையிலிருந்து மூன்றடி வரை மரைன், அதற்கு மேல் சாதாரணம் என்று பிரித்துக்கொண்டால் செலவும் அடங்கும்.

● ஆண் நாய் காலைத் தூக்குவதற்கு நடுச்சுவரை விட, துருத்தி நிற்கும் முனைகளையே தேடும். அலமாரியின் வெளிமுனை அதற்கு ஒரு தெருவிளக்குக் கம்பம். அந்த முனையில் மரத்தைத் தரைவரை இறக்காமல், அடியில் நான்கு அங்குலத்துக்குக் கிரானைட்டோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையோ பதிக்கலாம். கருத்தடை செய்த நாய்களிடம் இந்தப் பழக்கம் பெரும்பாலும் குறையும் என்பதையும் கால்நடை மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

● பூனைச் சிறுநீரின் தனி நெடிக்குக் காரணம் ஃபெலினைன் என்னும் அமினோ அமிலம். அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் உண்டாகி, நாளாக ஆக நெடி ஏறும். காய்ந்த கறை கண்ணுக்குத் தெரியாது. விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச் அடித்தால் மினுங்கும். பழைய வீட்டுக்குக் குடிபோகுமுன் அலமாரிகளின் அடியை இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால், உங்கள் பூனை அங்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்ற கேள்வியே எழாது.

● தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியின் பளபளப்பு அரக்கிலிருந்து வந்தது. அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். காரத்தன்மையுள்ள எதுவும் அரக்கை இளக்கும். நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா காரம்தான். அந்த அலமாரியின் கீழ்க் கதவுகளுக்கு மட்டும் பாலியூரிதேன் பூச்சு கொடுத்துவிட்டால், மேலே உள்ள பழைய மெருகை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

● பூனை இருக்கும் வீட்டில் அலமாரியைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பினால் வகை வேதிப்பொருட்களை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பாதத்தில் பட்டதைப் பூனை நக்கியே தீரும். அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம். அதன் வாசனை சிறுநீரை நினைவூட்டி, அதே இடத்தில் மறுபடியும் போகச் செய்யும். மென்மையான சோப்பு நீரும், அதன்பின் நொதி கலந்த துப்புரவுத் திரவமும் போதும்.

● கடப்பா கல் பதித்த சுவர் அலமாரி தமிழ்நாட்டு வீடுகளின் சொத்து. ஊதாது, கரையான் அரிக்காது, நகம் ஏறாது. அதற்கு அலுமினியச் சட்டமும் கதவும் மட்டும் போட்டால் போதும். ஆனால் கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். கறை போகட்டும் என்று கழிவறை ஆசிட்டையோ எலுமிச்சையையோ ஊற்றினால் கல்லின் முகமே வெளிறிப்போகும்.

கீல், கைப்பிடி, பூட்டு

● இன்றைய கப்போர்டு கதவுகளின் மறைகீலுக்காகக் கதவின் பின்புறம் தோண்டும் குழி 35 மில்லிமீட்டர் அகலம். நாய் கைப்பிடியில் முன்காலை வைத்துத் தொங்கினால் முழு எடையும் அந்தக் குழியைச் சுற்றியுள்ள திருகாணிகளில்தான் இறங்கும். தூள்பலகையில் ஒருமுறை பிய்ந்த திருகாணி மறுபடி அதே துளையில் பிடிக்காது. மூன்றடிக் கதவுக்கு 2 கீல், ஐந்தடிக்கு 3, ஆறரை அடிக்கு 4 என்பது பொதுவான கணக்கு. பெரிய நாய் இருந்தால் ஒன்று கூட்டிப் போடுங்கள்.

● கைப்பிடியே இல்லாமல் அமுக்கினால் திறக்கும் கதவு பார்க்க அழகு. ஆனால் நாய் மூக்கால் முட்டினாலும் திறக்கும், வாலால் அடித்தாலும் திறக்கும், சாய்ந்து படுத்தாலும் திறக்கும். தரைமட்ட அலமாரிக்கு அது வேண்டவே வேண்டாம்.

● பூனை கதவைத் திறக்கும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? கீழ் மூலையில் நகத்தை மாட்டி, இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கும். சட்டத்தின் மேல் படியும் கதவில் மாட்ட விளிம்பு கிடைக்கிறது. சட்டத்துக்குள் அடங்கும் கதவில் கிடைப்பதில்லை. பழைய வீடுகளின் சுவரலமாரிக் கதவுகள் நிலைக்குள் அடங்கி, மேலே கொண்டியும் நாதாங்கியும் போட்டவையாக இருந்தன. பூனைக்கு எதிரான மிகச் சிறந்த வடிவம் அதுதான். இப்போது உள்ளே பொருத்தும் காந்தப் பூட்டும் கிடைக்கிறது. குழந்தைகளுக்காக வந்தது, பூனைகளுக்கும் பொருந்தும்.

● மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களுக்கு ஃபிரிட்ஜ் திறக்கப் பழக்கும்போது, கதவுப் பிடியில் ஒரு கயிற்றையோ துணியையோ கட்டிவிட்டு இழுக்கச் சொல்லித்தருவார்கள். அடுப்படிக் கைத்துண்டைக் கைப்பிடியில் தொங்கவிடும்போது நாமும் தெரியாமல் அதே பாடத்தைத்தான் நடத்துகிறோம். துண்டுக்குச் சுவரில் தனியாக ஓர் ஆணி அடியுங்கள்.

● தள்ளுகதவு வாங்குவதானால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழ்த் தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்தில் உதிர்ந்த முடி சுற்றிச் சுற்றித் திரியாகிவிடும். ஒருநாள் கதவு நகராது. மேலே தொங்கி ஓடும் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

● மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய் 45,000 வரை, பூனை 60,000-க்கும் மேல். நாம் பொருட்படுத்தாத ‘டமால்’ அவற்றுக்குப் பெரிய அதிர்ச்சி. மெல்ல மூடும் கீலை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பயந்த சுபாவமுள்ள விலங்குக்கு அது பெரிய ஆறுதல். கதவிடுக்கில் வாலோ பாதமோ நசுங்காமலும் அது காக்கிறது.

கண்ணாடி

● டஃப்பன்டு கண்ணாடி, அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியை விட நான்கைந்து மடங்கு வலுவானது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதால் வரும் வலு அது. உடைந்தாலும் கத்திபோன்ற சில்லுகளாகச் சிதறாமல் சின்னச் சின்ன மணிகளாக உதிரும். ஒன்றை மறக்காதீர்கள்: பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. கீலுக்கும் பூட்டுக்கும் துளை எங்கே என்று அளந்து கொடுத்த பிறகே ஆர்டர் செய்ய வேண்டும். அதன் பலவீனம் முனைகளில் இருக்கிறது. நான்கு பக்கமும் சட்டம் போட்டால் ஆயுள் கூடும்.

● 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எத்வார் பெனதிக்தூஸின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துவைத்திருந்தது. இன்றைய லேமினேட்டட் கண்ணாடிக்கு அதுவே வித்து. தரைவரை இறங்கும் கண்ணாடிக் கதவில் நாய் ஓடிவந்து மோத வாய்ப்புள்ள வீடுகளுக்கு இந்த வகைதான் பொருத்தம். உடைந்தாலும் பாதத்தில் குத்தத் தரையில் ஒன்றும் கிடக்காது.

கதவுக்குப் பின்னால்

● துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். நாய், பூனை இரண்டுக்கும் நஞ்சு. ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பந்துபோல உருளுவதால் குட்டிகள் விளையாடி விழுங்கிவிடும். அதற்குப் பதில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள். பாச்சை உருண்டைதான் வேண்டுமென்றால் பூட்டிய கதவுக்குள் மட்டும் வையுங்கள்.

● ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லக்கூடும். பினாயிலை முறிக்க முடியாத அதே கல்லீரல் குறைதான் இங்கேயும் காரணம். நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு ஆகாது. மருந்து அலமாரி உயரத்தில் இருப்பதால் மட்டும் பயனில்லை. ஐந்தடி உயரம் பூனைக்கு ஒரு தாவல். பூட்டு வேண்டும்.

● சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது என்பது பலருக்கும் தெரியும். உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் தெரிந்திருக்கலாம். புளி? புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை விவரித்து 2022-இல் ஒரு கால்நடை மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. திராட்சையிலும் புளியிலும் பொதுவாக உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்கிறது அது. வருடப் புளியைப் பானையில் அடைத்து அடி அலமாரியில் வைப்பது நம் வழக்கம். அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இன்றே போடுங்கள்.

● பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்கூட்டி அறியக் கேனரிப் பறவைகளைக் கொண்டுபோகும் வழக்கம் 1980-கள் வரை இருந்தது. பறவையின் சுவாசம் அவ்வளவு நுண்மையானது. லவ்பேர்ட்ஸ் இருக்கும் வீட்டில் கதவுக்குப் பெயின்ட், பாலிஷ், பசை வேலை நடக்கும்போது கூண்டை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். நெடி முழுதும் போன பிறகே திரும்பக் கொண்டுவாருங்கள்.

பழைய வீட்டுப் பாடங்கள்

● அலமாரிக் கதவு வருவதற்கு முன்பே நம் அடுப்படி பூனையிடமிருந்து பாலையும் தயிரையும் காத்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய உறிதான் அந்தக் காவல். தாவ அருகில் சுவரோ திண்ணையோ இல்லாதபடி நடுவெளியில் தொங்கவிட்டதுதான் அதன் சூட்சுமம். மேல் அலமாரி போடும்போது அதே சூட்சுமத்தைப் பயன்படுத்துங்கள்: பக்கத்தில் ஃபிரிட்ஜோ ஸ்டூலோ இருந்தால் அது பூனைக்குப் படிக்கட்டு.

● அடுத்து வந்தது வலையடித்த அலமாரி. கால்களுக்கடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்கள் எறும்பைத் தடுத்தன, கம்பிவலை பூனையையும் ஈயையும் தடுத்தது, காற்றோட்டத்தால் பண்டம் ஊசவில்லை. இன்று ஸ்டீல் வலை போட்டால் அந்தக் கதவு நகத்தையும் தாங்கும்.

● அலமாரி என்ற சொல் போர்த்துக்கீசியரின் ‘அர்மாரியோ’விலிருந்து வந்தது. அதைப் பூட்டும் சாவியும் அவர்களுடைய ‘சாவே’தான். பீரோ பிரெஞ்சுச் சொல். பெயர் கடலைத் தாண்டி வந்தாலும் இரும்பு பீரோ நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. நாய் வீட்டுக்கு இன்றும் அது நல்ல துணை: மெல்ல முடியாது, ஊதாது, சாவியில்லாமல் திறக்காது. கீறல் விழுந்து பெயின்ட் உரிந்த இடத்தில் மட்டும் துரு பிடிக்கும். கண்டவுடன் பூசிவிடுங்கள். பவுடர் கோட்டிங் செய்ததாக இருந்தால் கீறலை இன்னும் நன்றாகத் தாங்கும்.

கடைக்குப் போகும்முன்

● நாய் பின்னங்காலில் நிற்கும்போது முன்பாதம் எட்டும் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். அதற்குக் கீழே வலுவான பலகை, உலோகக் கைப்பிடி, பூட்டு.

● பலகையின் சின்னத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, ஓரிரவு தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் அதுவே பதில் சொல்லும்.

● தினமும் மூடும்முன் உள்ளே ஒருமுறை பாருங்கள். சத்தமில்லாமல் நுழைந்து தூங்குவது பூனையின் வழக்கம். ஊருக்குக் கிளம்பும் நாளில் இந்த ஒரு பார்வைதான் அதன் உயிர்.

● இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மரக்கதவு உண்டு. அதன் அடியில் வட்டமாக ஒரு துளை. எலி பிடிக்கும் பூனை தாராளமாகப் போய்வர 1598-இல் தச்சர்கள் வெட்டியது. போய்வர வழி போலவே ஒளிந்துகொள்ள இடமும் பூனைக்கு வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தால் அவற்றின் பதற்றம் சீக்கிரம் தணிவதைக் காட்டியது. ஆகவே ஆசாரியிடம் கடைசியாக ஒன்று சொல்லுங்கள்: அலமாரியின் மற்ற அறைகளுக்கெல்லாம் கதவு போட்டுவிட்டு, தரையோரத்தில் ஓர் அறையை மட்டும் திறந்தபடி விட்டுவிட வேண்டும். அதில் ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்த உயிர், மூடிய கதவுகளின் முன்னால் நிற்கும் நேரம் குறையும்.